லேடீஸ் டப்பாவில் என் ஹைக்கூ

செவ்வாய், இரவு. மழை விடவில்லை.

தூக்கம் வரவில்லை. போன வாரம் பேப்பரில் ஒரு நடிகையின் வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு விளையாட்டாக ஒரு ஹைக்கூ எழுதினேன்.

நடிகை வீட்டில்
புது நீச்சல்குளம்;
நமக்குத் தண்டவாளம்.

ஆண்டாப் ஹில்லில் இருக்கும் தங்கைக்குத் தமிழ் படிக்க வராது. வாய்ஸ் மெசேஜில் சொல்லி அனுப்பினேன். அவள் யார் யாருக்கு அனுப்பினாளோ.

இன்று காலை டோம்பிவிலி லோக்கல் ரயில் குர்லாவுக்கு முன்னால், தண்டவாளத்தை மூடிய மழைத்தண்ணீரில் நின்றுவிட்டது. எங்கள் பெட்டியில், அந்த லேடீஸ் டப்பாவில், மூச்சு முட்டியது. ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். அப்போது, தினமும் தாளம் தட்டி பஜன் பாடும் மராத்திப் பெண்கள் பாடத் தொடங்கினார்கள். என் மூன்று வரிகள். விட்டல் பாட்டு மெட்டில், தமிழில். டப்பாவே கைதட்டியது. அழுதவளும் சிரித்தாள்.

நான் எழுதியது என்று யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. நானும் சேர்ந்து பாடினேன். ஆபீஸ் தோழி கிரிஜா என் தோளைத் தட்டினாள்.

"கடைசில தண்டவாளம் இல்லடி, 'நமக்கு குர்லா ஸ்டேஷன்'. பாட்டு தெரியலேன்னா சும்மா கையைத் தட்டு."

அவர்கள் மாற்றியதுதான் நன்றாக இருந்தது. கையைத் தட்டினேன்.