பனியில் வழுக்கி விழுந்தவர்கள்

சொலெஃப்டியோ,
மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி ஈவருக்கு,

அக்கா இங்கேலா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ உள்ளே நலமாக இருக்கிறாயா என்று கேட்பது வழக்கம் என்பதால் கேட்டுவிட்டேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் அரசு வழக்கறிஞர் அம்மா படிப்பார். விசாரணை முடியும்வரை உனக்கு வரும் ஒவ்வொரு தாளும் அவர் மேசையைத் தாண்டித்தான் வரவேண்டுமாம். படித்துவிட்டு உன்னிடம் கொடுக்காமலே வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டாம். வைத்துக்கொள்ளட்டும், தெரிந்தேதான் எழுதுகிறேன். வணக்கம் அம்மா, என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா எழுபத்து நான்கு வயதில் கூரைமேல் ஏறிப் பனி தள்ளுகிறார். இறங்குங்கள் என்று கத்தினால், "நீ ஏறுறியா?" என்று கேட்கிறார். போன செவ்வாய், நோன்புக்கு முன் ஊரே பாதாம் பன் தின்னும் நாள் அல்லவா, பழக்கதோஷத்தில் மூன்று வாங்கி வந்துவிட்டார். மூன்றாவதை இருவருமே தொடவில்லை. மறுநாள் காய்ந்துபோனதும் பறவைகளுக்குப் பிய்த்துப் போட்டார். ஆற்றில் பனி இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. உனக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை வழக்கு. நம் டிரம்ஸ்காரன் மெல்கரின் கையை நீ உடைத்தாயா, இல்லை அவன் பனியில் வழுக்கி விழுந்து உடைத்துக்கொண்டானா, இதுதான் கேள்வி. பயிற்சி அறையில் இருந்தது மூன்றே பேர். நீ அடித்தாய் என்கிறான் அவன். அவன் அன்று பயிற்சிக்கே வரவில்லை என்கிறாய் நீ. மூன்றாவது ஆள் நான்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் நல்ல மனிதர்தான். "நீங்க கூடப்பொறந்தவங்க, சாட்சி சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்லம்மா. பேசாம வீட்டுல இருந்துக்கலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். காபி குடித்துவிட்டு வருகைத்தாளை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தத் தாளைப் பற்றி வழக்கறிஞர் அம்மாவுக்கும் தெரியட்டும். எங்கள் மெட்டல் இசைக்குழு 'பனிவெடிப்பு' சட்டப்படி, ஊரார் கூடிக் கற்க அரசு உதவி தரும் ஒரு கல்வி வட்டம். பழைய பள்ளிக்கூடத்தின் நிலவறையைப் பயிற்சிக்கு விட்டிருப்பதே அதனால்தான். நான் வட்டத் தலைவி. யார் வந்தார், யார் வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் கட்டத்தில் குறித்து அனுப்ப வேண்டும். உலகத்தைக் கொளுத்துவோம் என்று மேடையில் உறுமுகிறவர்கள் ஊரில் உட்கார்ந்து வருகைப்பதிவு எடுக்கிறார்கள் என்றால் ஜப்பான் ரசிகர்கள் நம்புவார்களா? இருபத்திரண்டு வருடங்களில் ஒரு கட்டத்தைக்கூட நான் பொய்யாகக் குறித்ததில்லை. பிப்ரவரி எட்டாம் தேதி சனிக்கிழமை முதல்முறையாகப் பொய் குறித்தேன். உன் பெயருக்கு நேரே ஒரு குறி, என் பெயருக்கு நேரே ஒரு குறி. மெல்கரின் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டேன். நீ சொல்லிச் செய்யவில்லை, நானாகத்தான் செய்தேன். இன்று உன் வக்கீல் அந்த வெற்றுக் கட்டத்தைத்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

உன் வாழ்க்கை வரலாற்றை இணையத்தில் யார் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். பதினான்கு வயதில் கிடார், இருபதில் முதல் ஆல்பம், இதுவரை ஆறு ஆல்பங்கள், டோக்கியோவில் மூவாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டியது. எல்லாம் உண்மைதான். பதின்மூன்று எண்ணும் தாளத்தில் அழவைக்கிற மெட்டு போட உன்னால் மட்டும்தான் முடியும், அதையும் மறுக்கவில்லை. விட்டுப்போனதை நான் சொல்கிறேன். முதல் ஆல்பம் முடிந்தபோது நம் பழைய டிரம்ஸ்காரன் டாகேவுக்கு முன்பல் இரண்டு இல்லை. ஹாம்பர்க்கில் ஒலிப்பதிவாளனை மைக்காலேயே அடித்தாய், மூக்கெலும்பு உள்ளே போய்விட்டது. ஒசாகாவில் அடிக்க ஆள் கிடைக்காமல் ஹோட்டல் கண்ணாடியை நெற்றியால் மோதி உடைத்தாய். உன் நெற்றியில் பதினொரு தையல் போட்டபோது பிடித்துக்கொண்டு நின்றவள் நான். நான்காவது ஆல்பம் வந்த வருடம், உன் மனைவி மாலின் தன் பெட்டியைக் காரில் வைத்துவிட்டு உன்னைவிட்டுக் கிளம்பும்போது, அவள் விரல் இருப்பது தெரிந்தே கார்க் கதவை அறைந்தாய். உன் மனைவியாக அவள் கடைசியாகக் கேட்ட சத்தம் அதுதான்.

ஒவ்வொன்றுக்கும் பின்னால் துடைப்பமும் பஞ்சுமாக வந்து நின்றவள் யார்? "அவன் கலைஞன்ங்க, உள்ளுக்குள்ள ஒரு நெருப்பு எரிஞ்சுட்டே இருக்கு" என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் பழகிவிட்டது. நெருப்பாவது மண்ணாங்கட்டியாவது.

இனி அந்தச் சனிக்கிழமை. நீ மறந்தது போல நடிப்பதால் நான் ஒழுங்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதியம் ஒரு மணி இருக்கும். புது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, ஏழு எண்ணி அடுத்துப் பதினொன்று எண்ணும் இடம். அந்த இடத்தை மட்டும் முப்பது தடவை வாசித்தாகிவிட்டது. மெல்கர் வாரம் முழுக்கத் தச்சு வேலை பார்த்துவிட்டு வந்தவன், களைத்துப்போயிருந்தான். "ஈவர், இந்த எடத்துல மட்டும் நேரா நாலு எண்ணிப் போயிரலாமே, பாட்டு கொஞ்சம் மூச்சு விடும்" என்றான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். நீ சிரித்தாய். "மூச்சா? வா, மூச்சு விட்டுப் பாக்கலாம். இன்னொரு தடவ" என்றாய்.

பதினொன்றில் அவன் மறுபடி தவறினான். நீ கிடாரைக் கழற்றி அதன் தாங்கியில் மெதுவாகச் சாய்த்து வைத்தாய். கிடாருக்குக் கீறல் விழக்கூடாது பார். பிறகு சிம்பல் தட்டை மாட்டும் இரும்புத் தாங்கியை உருவி அவன் மணிக்கட்டில் இறக்கினாய். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. "கை! ஈவர், கை!" என்று அலறினான். நீ, "எண்ணுடா. நாலு வேணுமா உனக்கு? எண்ணு" என்று சொல்லிச் சொல்லி அடித்தாய். அவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். டிரம்ஸ் அவன்மேல் சரிந்தது. தலைமுடியைப் பிடித்துப் பெரிய டிரம்மின் விளிம்பில் இரண்டு முறை மோதினாய். டிரம்மின் வெள்ளைத் தோலில் ரத்தம் தெறித்தது. தரையில் விரிந்து கிடந்த அவன் கைமேல் பூட்ஸ் குதிகாலை வைத்து, சிகரெட்டை அணைப்பது போலத் திருகினாய்.

நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? வாசித்துக்கொண்டிருந்தேன். "எவன் செத்து விழுந்தாலும் பாட்டு முடியற வரைக்கும் கை நிக்கக்கூடாது" என்பது நீ போட்ட சட்டம். யாராவது நிறுத்தினால் நாற்பது நிமிடப் பாட்டையும் முதலிலிருந்து வாசிக்க வைப்பாய். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சட்டத்தில் ஊறிய என் விரல்கள் பேஸ் கிடாரில் ஏழையும் பதினொன்றையும் ஒரு பிசகில்லாமல் போட்டுக்கொண்டிருந்தன. மெல்கர்தான் தரையிலிருந்து என்னைப் பார்த்து, "இங்கேலா, வாசிக்கிறத நிறுத்துங்களேன்" என்றான். நிறுத்தினேன். சத்தம் நின்றதும் உன் காலும் நின்றுவிட்டது. முதல் அடியிலேயே நான் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து யோசித்து எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு அவனை என் காரில் கூட்டிப்போனேன். கையைத் தன் கம்பளித் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி வந்தான். என்ன ஆயிற்று என்று நர்ஸ் கேட்டபோது அவன் வாய் திறக்குமுன் நான், "பனியில வழுக்கி விழுந்துட்டான்" என்றேன். அவன் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினான். இரண்டு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை. டிரம்ஸ் குச்சியை விடு, சுத்தியலைக்கூடப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவன் போலீசுக்குப் போனான்.

அப்போதும் நான் உன் பக்கம்தான் இருந்தேன் ஈவர். போன சனிக்கிழமை வரை இருந்தேன். அன்று அப்பா காபியை ஊற்றி வைத்துவிட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு கதை சொன்னார். பத்து வருடத்துக்கு முன்னால், அவர் ஆற்றில் படகுத்துறை வேலையில் இருந்த கடைசி வருடம், நவம்பரில் ஒரு நாள் கண்ணாடி உடைந்து, புருவம் கிழிந்து வீட்டுக்கு வந்தார், ஞாபகம் இருக்கிறதா? பனியில் வழுக்கிவிட்டது என்றார். பார்த்து நடக்கக்கூடாதா என்று திட்டிவிட்டு, வழுக்காமல் இருக்க பூட்ஸ் அடியில் மாட்டும் ஆணிச்சட்டம் வாங்கிக் கொடுத்தேன். அவர் வழுக்கவே இல்லையாம். உன் ரசிகன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து வந்து படகில் ஏறி, நீங்கள்தான் ஈவரின் அப்பாவா என்று கேட்டிருக்கிறான். அப்பா பெருமையாக ஆமாம் என்று கை நீட்டியிருக்கிறார். உடனே அவன் இவர் முகத்தில் குத்தினான். விழுந்தவரை விலாவில் உதைத்தான். "பெத்த புள்ளைய சங்கிலியால அடிச்ச மிருகம்டா நீ" என்று காறித் துப்பினான்.

"படகுச் சங்கிலியால் அப்பா என்னை அடித்தார், அந்த வலிதான் என் இசை" என்று நீ ஜெர்மன் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தாயே, அந்தப் பேட்டியின் விளைவு அது. நம் அப்பா! தன் காலை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்கிற மனிதர்! நம்மேல் ஒரு நாள் கை ஓங்கியிருப்பாரா? அதற்குப் பிறகு அவர் நூலகத்துக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் அந்தப் பேட்டியை வரி வரியாக மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "தொழிலுக்கு ஏதோ தேவைப்பட்டுச் சொல்லியிருப்பான்னு நெனச்சேன். புள்ளையக் காட்டிக் குடுக்கறதா?" என்றார். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் அன்னிக்கே அவன உக்கார வெச்சுக் கேட்டிருந்தா, இந்தப் பையன் கை முழுசா இருந்திருக்கும்" என்றார். அப்புறம் அழுதார். இதற்கு முன் அவர் அழுது நான் பார்த்தது நம் அம்மா இறந்தபோதுதான்.

நம் வீட்டில் அடிக்கிறவன் நீ ஒருவன்தான். மறைக்கிறவர்கள் இரண்டு பேர். எங்கள் அன்பினால்தான் உனக்கு இவ்வளவு துணிச்சல் வந்தது. எனக்கு உன்மேல் வயிறு எரிகிறது. என்மேல் அதைவிட அதிகமாக எரிகிறது.

நேற்று போலீஸ் நிலையத்துக்குப் போய், தாளில் மெல்கரின் கட்டத்தை வெறுமையாக விட்டது பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை சாட்சி சொல்லவும் போகிறேன். கூடப்பிறந்தவள் என்பதால் எனக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைக்க மாட்டார்களாம். நான் கூண்டில் நின்று பொய் சொன்னாலும் சட்டம் என்னைத் தண்டிக்காதாம். உன் வக்கீல் போன் செய்து இதை ரொம்ப இனிமையாக விளக்கினார். சத்தியம் வாங்காவிட்டாலும் நான் உண்மையைத்தான் சொல்லப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்வேன். கேட்கிறவர்கள் காறித் துப்பினால் துப்பட்டும்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலில் மெல்கர் பேசுவான், அடுத்து உன் முறை. அதற்குப் பிறகுதான் என்னை உள்ளே கூப்பிடுவார்கள். அதுவரை நான் வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அப்பா உள்ளே இருப்பார். வரவேண்டாம் என்றால் கேட்கவில்லை, கோட்டை இப்போதே இஸ்திரி போட்டு மாட்டி வைத்துவிட்டார்.

வழக்கறிஞர் அம்மா, நீங்கள் நல்லவராக இருந்தால் இந்தக் கடைசிப் பக்கத்தையாவது அவனிடம் கொடுங்கள்.

ஈவர், உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உன் முறை வரும்போது அப்பா காதுபட நீயே எல்லாவற்றையும் சொல்லிவிடு. கதவைத் திறந்துகொண்டு உன் அக்கா உள்ளே வரும்போது, அவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தைகூட மிச்சம் இல்லாமல் செய்துவிடு.

இனி உன் கை யார்மேலும் ஓங்காமல் நீ நீண்ட நாள் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அக்கா,
இங்கேலா.