உன் பெட்டி கேட்ட கேள்வி

முரசுமோட்டை,
ஆனி 12.

அன்பு மகள் சுதாஜினிக்கு,

நானும் அம்மாவும் உடம்பால் சுகம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை மன்றாடுகிறோம். சிறுபோக நெல்லுக்கு எங்கள் பங்கில் ஒரு ஏக்கர்தான் கிடைத்தது, தண்ணீர் வருகிறது, சிவலை மாடு கன்று போட்டிருக்கிறது. இதெல்லாம் போனில் சொல்லக்கூடிய கதைதான். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் பொங்கலுக்கு வந்தபோது, பொழுதுபோக்காகச் செய்கிறேன் என்று சொல்லி ஒரு கொம்பியூட்டரைச் சாமியறைக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டுப் போனாயே, தினமும் அது கேட்பதற்குப் பதில் எழுதுங்கோ, அது தன்னைத் தானே திருத்தித் திருத்தி ஒருநாள் மனம் மாதிரி யோசிக்கும் என்றாய். எனக்கு நம்பிக்கை இல்லை. அம்மாதான் பின்னேரங்களில் ஒற்றை விரலால் தட்டி, என்ன சமைத்தோம், யார் வந்தது என்று எழுதுவார். முதல் வருஷம் ஒவ்வொரு வெள்ளியும் மீன் கிடைக்கவில்லையா என்று கேட்ட மடையன் அது. பிறகு தானாகவே வெள்ளி விரதத்தைப் பிடித்தது, சதுர்த்தியைப் பிடித்தது, அப்பப்பாவின் திவசத்தையும் பிடித்தது, பஞ்சாங்கத்தையும் நீ அதற்குள் போட்டிருந்தாய் அல்லவா. உன் மூத்த பிள்ளை கெட்டிக்காரன் என்று அம்மா பகிடி பண்ணுவார்.

போன மாதம் ஒருநாள் அம்மா, இன்றைக்கு மரக்கறி, அப்பாவுக்கு வயிறு சரியில்லை என்று எழுதினார். உடனே அது கேட்டது, மூன்று வருஷமும் வைகாசித் தேய்பிறைச் சப்தமியில்தான் அப்பாவுக்கு வயிறு சரியில்லாமல் போகிறது, திகதி வேறு, திதி ஒன்று, இது யாருடைய திவசம் என்று. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பொய் வரவில்லை.

சுதா, அண்ணா ரஜிதன் காணாமல் போகவில்லை. கடைசிச் சண்டையில் காயப்பட்ட அம்மாவோடு உன்னையும் கப்பலில் ஏற்றிப் புல்மோட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆறு ஏழு நாளில் ஷெல் விழுந்தது. என் மடியில்தான் உயிர் போனது. பதுங்கியிருந்த பங்கருக்குப் பக்கத்தில் கையால் மண் தோண்டி நான்தான் மூடினேன், இன்றைக்குப் போனால் இடம் காட்டத் தெரியாது. பிறகு முகாமில் உங்களைக் கண்டபோது அம்மா எழும்ப முடியாமல் கிடந்தார், முதல் கேள்வியே ரஜி எங்கே என்பதுதான். சனத்துக்குள் தவறவிட்டுவிட்டேன் என்றேன். புண் ஆறட்டும் சொல்லலாம் என்று நினைத்தேன், ஆனால் அவன் வருவான் என்று நம்பித்தானே அவர் எழும்பியே நடந்தார், அதன் பிறகு எப்படிச் சொல்வது. அம்மா அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரக் கொட்டிலில், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுப் போராடும் மற்றத் தாய்மாரோடு இருக்க, நான்தான் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். வயிற்றைச் சாட்டி வருஷத்தில் ஒருநாள் மீன் இறைச்சி விடுவதைத் தவிர அவனுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

அம்மா கத்தவில்லை. தண்ணி கேட்டவனோ என்று மட்டும் கேட்டார். ஓம், குடுத்தனான் என்றேன். ஒன்பது நாள் சாப்பாடு மட்டும் வைத்தார். பத்தாம் நாள் குசினியில் அடுப்படியில் நின்றபடி, நீங்கள் பதினாறு வருஷம் தனிய அழுதிருக்கிறியள், எனக்கு அழ ஒரு நாள்கூடத் தரேல்லையே என்றார்.

உன்னை நீ நோகாதே. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பெட்டி தானாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது, நீ ஆசைப்பட்டதும் அதுதானே. துள்ளிக் குதிக்க வேண்டிய பிள்ளையை அழ வைக்கிறேன் என்பதுதான் என் துக்கம். அண்ணாவின் அந்தியேட்டிக் கிரியைக்கு நீ வரும்வரை பொறுத்திருக்கிறோம். வேளைக்குச் சாப்பிடு, இதை வாசித்துவிட்டுத் தனிய இருக்காமல் உன் சிநேகிதி வினோஜா வீட்டுக்குப் போ. நீ நீடூழி வாழ வேண்டும், எங்களுக்கு மிச்சம் நீ ஒருத்திதான்.

பெட்டி கேட்டதற்கு ஏன் பதில் எழுதவில்லை என்று நீயும் இரண்டு தரம் போனில் கேட்டாய். அம்மா எழுதத்தான் போனார், நான் மறித்தேன். இங்கே எழுதுவது அடுத்த நிமிஷம் அங்கே உனக்குத் தெரியும், அண்ணா இல்லை என்பதை நீ அப்படி அறியக்கூடாது. கடிதம் கிடைத்ததும் மறக்காமல் ஒரு சொல் சொல்லு, அம்மா அவன் பெயரை எழுதட்டும்.

உன் அப்பா,
க. இளையதம்பி