உன்னைப் பற்றி நான் சொன்ன ஒரு வாக்கியம்

மச்சான்,

இன்று மதியம் இங்கே காப்பெல் ஊர் மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரிடமிருந்து தசைவலித் தைலத்தின் நெடி வந்தது. ஒரு நொடி நீதான் என்று நினைத்துவிட்டேன். உன் காரில், சட்டையில், கைகுலுக்கினால் என் கையிலும் அதே நெடிதான் இருக்கும். நீ போய் எட்டு மாதமாகிறது. மருந்தை வாங்காமலே வந்து காரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

டெக்சாஸுக்கு வந்து, ரிச்சர்ட்சன் ஊரில் ஒரே நாளில் ஐடி வேலைக்குச் சேர்ந்தோம். சனிக்கிழமைகளில் நான் வாங்குவதற்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்துப் பள்ளி மைதானத்தில் அமெரிக்க ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தாய். கல்லூரியில் கபடி ஆடியவன் நீ. "இதுவும் அதேதான்டா. ஆளை எங்க மடக்கறதுங்கறதுதான் மேட்டர்" என்பாய். எதிரணியின் வீடியோக்களைப் பார்த்து அவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று எழுதிக் கொடுத்தாய். அந்தப் பள்ளி அணியின் பயிற்சியாளர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே கேட்டு வாங்கினார்கள்.

கிரீன் கார்டு வந்த மறுவாரம் வேலையை விட்டாய். ஒரு கல்லூரி அணியில் வீடியோ வெட்டித் தரும் ஆளாகப் போய், மூன்றாம் வருடம் தடுப்பாட்டக்காரர்களுக்கு உதவிப் பயிற்சியாளர் ஆனாய். நம் நண்பர்கள் கூடும்போதெல்லாம் உன்னைப் பற்றிப் பரிதாபமாகப் பேசினார்கள். நானும் தலையாட்டினேன். எனக்குப் பரிதாபம் வரவேயில்லை. திங்கட்கிழமை காலையில் நீ ஆசையோடு எழுந்திருப்பாய் என்று தெரியும். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒருமுறை என் மனைவி மீராவோடு உன் அணியின் ஆட்டம் பார்க்க வந்தேன். தோற்றுவிட்டீர்கள். உன்னைப்போல் இரண்டு மடங்கு இருந்த ஒருவன் உன் தோளில் தலை வைத்து அழுதான். நீ அவன் ஹெல்மெட்டைப் பிடித்தபடி நின்றாய். திரும்பும்போது ஃப்ரீவே முழுக்க உன்னைக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். "ஜெலஸா இருக்குன்னு ஒரு வாட்டி சொல்லிட்டு ஒழுங்கா டிரைவ் பண்ணு" என்றாள் மீரா.

பிறகு உங்கள் தலைமைப் பயிற்சியாளரை நீக்கினார்கள். அந்தத் தொழிலில் தலைவர் போனால் உதவியாளர்களும் போகவேண்டும். நான்கு மாதம் வேலையில்லாமல் இருந்தாய். அப்போதுதான் ஒரு பெரிய பல்கலைக்கழகம் உன்னைப் பற்றி விசாரித்தது. "ரெஃபரன்ஸுக்கு உன் நம்பர் குடுத்திருக்கேன் மச்சான். நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லு" என்றாய்.

அவர்களுடைய கோச் அழைத்தார். இந்தத் தொழிலில் நீ நிலைத்து இருப்பாயா என்று கேட்டார். "ரொம்பத் திறமைசாலி. ஆனால் நல்ல ஐடி வேலை கிடைத்தால் திரும்பிப் போய்விடுவான்" என்றேன். பொய். நீ போகமாட்டாய் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? வேலை வேறொருவருக்குப் போனது. நீ மேற்கு டெக்சாஸில் ஒரு சின்ன ஊர்க் கல்லூரிக்குப் போய் ஆறு வருடம் இருந்தாய்.

கடைசியில் நீ நோயில் படுத்து, ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அதைச் சொல்ல வாய் வந்தது. "அந்த ரெஃபரன்ஸ் கால்ல நான்..."

"தெரியும்டா. அந்த கோச்சே அடுத்த சீசன்ல சொல்லிட்டாரு."

"ஏன்டா என்கிட்ட கேக்கல?"

"கேட்டா சாரி சொல்லுவ. அப்புறம் என் மூஞ்சில முழிக்க மாட்ட. எனக்கு இங்க வேற யாருடா இருக்காங்க?"

உன் இறுதிச் சடங்குக்கு அந்தச் சின்ன ஊரிலிருந்து உன் ஆட்டக்காரர்கள் ஐந்து மணிநேரம் டிரைவ் பண்ணி வந்தார்கள். கோட்டுக்குள் அடங்காத தோள்கள், சிவந்த கண்கள். எனக்கு அழுகை வரவில்லை. நான் போனால் என் ஆபீஸிலிருந்து யார் வருவார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அங்கேயும் அதே புத்தி.

உன் வேலையின் மேல் இருந்த பொறாமை மெல்லக் கரைந்துவிட்டது. ஆனால் நான் செய்தது தெரிந்தபிறகும் ஒவ்வொரு பொங்கலுக்கும் என் வீட்டுக்கு வந்தாயே, மீராவிடம் வத்தக்குழம்பை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாயே, கிளம்பும்போது என்னைக் கட்டிப்பிடித்தாயே, அந்த மனசு எனக்கு வராது. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த வாசல்படியை மிதித்திருக்கமாட்டேன். அந்த மனசின் மேல் வந்த பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை, மச்சான். போகவேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.