உன் பேரில் திறந்த மடை

கிளாவரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் துர்காவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று வழக்கம்போல எழுதிவிட்டுப் போகக் கை வரவில்லை, அதனால் கேட்கிறேன், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? நேற்றுக் கோயில் மேட்டில் நின்று உன்னோடு பேசிக்கொண்டிருந்தபோதே சிக்னல் போய்விட்டது. பாறை மேலே ஏறி, போனை உயர்த்திப் பிடித்து, பனி இறங்கும் வரை நின்று பார்த்தேன், கிடைக்கவே இல்லை. நீ அழுத சத்தத்தோடு வீட்டுக்கு வந்தேன். அதனால்தான் இந்தக் காகிதம். காலை பஸ்ஸில் கொடைக்கானல் போகிற ஆளிடம் கொடுத்துவிட்டால், சிக்னல் வந்த இடத்தில் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடலாம். புதன்கிழமை விசாரணைக்கு முன்னால் நீ படித்துவிடுவாய்.

பூண்டு பிடுங்கிப் பரணில் கட்டியாகிவிட்டது, இந்த வருஷம் பல் கொஞ்சம் சிறிசுதான். உருளைக்கிழங்குக் காட்டில் மறுபடியும் காட்டுமாடு இறங்கி மிதித்துவிட்டுப் போனது. அப்பா டார்ச்சை அடித்துக் கத்தியதில் மாடு போனதோ இல்லையோ, அவருக்குத் தொண்டை போய்விட்டது. இப்போது சைகையில்தான் காப்பி கேட்கிறார். எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார். உங்கள் பல்கலைக்கழகத்து நெட்டுக்குள் போக உனக்கென்று ஒரு பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் உலகத்துப் புத்தகமெல்லாம் உட்கார்ந்த இடத்தில் படிக்கலாம். அதை நீ நம் சின்னச்சாமி மகன் பாலுவுக்குக் கொடுத்தாய், தபாலில் படிக்கிற பையன், இந்த மலையில் புத்தகத்துக்கு எங்கே போவான் என்று. அவன் கொடைக்கானலில் இருக்கிற கூட்டாளிகளுக்குக் கொடுத்தான். அவர்கள் ஏதோ ஒன்றை ஓடவிட்டு ஆயிரக்கணக்கில் புத்தகங்களை அள்ளிவிட்டார்கள். அதைப் பார்த்த புத்தகக் கம்பெனி உங்கள் பல்கலைக்கழகம் மொத்தத்துக்கும் கதவைச் சாத்திவிட்டது. கம்ப்யூட்டர் செக்‌ஷன்காரர்கள் யார் பேரில் நடந்தது என்று தேடினால் உன் பேர் வந்தது. இப்போது உன் கணக்கைப் பூட்டிவிட்டார்கள், நீ எழுதிய ஆய்வு அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, புதன்கிழமை ஏறுமாறாகப் போனால் இந்த வருஷப் பட்டமும் இல்லை. இவ்வளவுதானே?

"கேட்டான், குடுத்தேம்மா, இதுல என்னம்மா தப்பு" என்று நீ கேட்டபோது நம் ஊரைத்தான் நினைத்துக்கொண்டேன். நம் வீட்டுச் சாவி வாசல் ஆணியில் தொங்குகிறது. மண்வெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. மருந்தடிக்கிற மிஷின் ஊரெல்லாம் சுற்றிவிட்டு நம் முறைக்கு ஓட்டையோடு வரும். இப்படி ஒரு ஊரில் வளர்ந்த பிள்ளை, கேட்டவனுக்கு இல்லையென்று எப்படிச் சொல்லும். அதற்காக உன்னைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை தாயி.

ஆனால் ஒன்று. நீ படித்துக் காட்டிய அந்த விதிகளில், உன் கணக்கில் எது நடந்தாலும் அதற்கு நீதான் பொறுப்பு, எல்லாருக்குமான வழியை ஒருத்தரே அடைத்துக்கொள்ளக் கூடாது என்று வந்ததே, அதைக் கேட்டதும் நம் வாய்க்கால் ஞாபகம்தான் வந்தது. மண்வெட்டியைக் கேட்டால் கொடுக்கலாம். தண்ணீர் முறை அப்படியா? முறையை இரவல் கொடுத்தாலும் அது கொடுத்தவன் பேரில்தான் ஓடும், இரவல் வாங்கியவன் அதை இன்னொருத்தனுக்குக் கொடுக்கவும் கூடாது. போன வாரம் அப்பா பூண்டு விற்க வடுகபட்டி போனபோது நம் முறையைச் சின்னச்சாமி அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பாவம் பார்த்து வேறொருத்தருக்கு விட்டிருக்கிறார், அந்த ஆள் மடையை அடைக்காமல் பஸ் ஏறிவிட்டார். கீழே வேலுச்சாமி போட்ட கேரட் பாத்தி அத்தனையும் கரைந்து ஓடிவிட்டது. ஊர் கூடிக் கேட்டபோது அப்பா எழுந்து, "மொற என்னுது, பதில் நாந்தேன் சொல்லணும். சின்னச்சாமிகிட்டக் குடுத்துட்டுப் போனேன்" என்றார். ஒன்றை மறைக்கவில்லை, ஒன்றைக் கூட்டவுமில்லை. அவர் உட்காருவதற்குள் சின்னச்சாமி அண்ணனே எழுந்துவிட்டார். மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தப் பாத்தியைக் கட்டிக் கொடுத்தார்கள்.

யாரோ என் பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்கள் என்று சொல்லப் போகிறேன் என்றாயே, அது வேண்டாம். பாலுவைக் காப்பாற்றத்தான் அப்படி நினைக்கிறாய், தெரிகிறது. ஆனால் அதற்கப்புறம் அவனைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு அந்தப் பொய்தான் ஞாபகம் வரும். இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. நேற்று நீ உன்னைப் பற்றி மட்டும்தான் அழுதாய். கதவைச் சாத்தியதால் பரீட்சைக்குப் படிக்க முடியாமல் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்களோ, அவர்களும் கேரட் போட்டவர்கள்தானே. முதலில் அவர்களிடம் மன்னிப்புக் கேள், அப்புறம் உனக்கு வேண்டியதைக் கேள். தனியாகப் போகாதே, உன் கைடு மேடத்தைக் கூட்டிக்கொண்டு போ. வெளியில் இருந்து படிக்கிற பிள்ளைகளுக்கு நேர்வழி ஏதாவது உண்டா என்றும் விசாரித்து வை. புது பாஸ்வேர்டு கொடுத்தால் எனக்குக்கூடச் சொல்லாதே, நான் ஊர் பூராவும் சொல்லிவிடுவேன்.

பட்டம் போனாலும் நீ என் மகள்தான், வீடு இருக்கிறது, பயப்படாதே. ஆனால் விசாரணைக்குப் பயந்து பாதியில் ஓடி வராதே. பூம்பாறை வேலப்பர் துணையிருப்பார். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே, காலையில் வெறும் டீ குடித்துவிட்டு ஓடாதே.

கடைசியாக ஒன்று. "பாலுகிட்ட ஒண்ணும் சொல்லிராதம்மா, பயந்து படிப்ப விட்ருவான்" என்று நீ சொன்னதால் இதுவரை நான் அவனிடம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நாளைக் காலை கொடைக்கானல் போகிற ஆள் அவன்தான். இதை ஒட்டாமல்தான் அவன் கையில் கொடுக்கப் போகிறேன். படம் எடுக்கிறவன் படிக்காமலா எடுப்பான். பாலு, நீயும் நல்ல பிள்ளைதான், உங்கப்பா மகன்தான், அத்தைக்கு உன் மேல் கோபமில்லை. துர்கா, இந்தக் காகிதம் உனக்கு வந்து சேர்ந்தால், எல்லாம் தெரிந்த பிறகும் அவன் அனுப்பியிருக்கிறான் என்று தெரிந்துகொள். அப்புறம் புதன்கிழமை அவன் பேரைச் சொல்ல உனக்கென்ன தயக்கம்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா மகாதேவி