இடது ஓரத்து யானை

பிப்ரவரி 4

என் அருமை ஆமைக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வரிசையாக என்னைத் தோற்கடித்தவள் நலமாகத்தான் இருப்பாய். மூன்று நிமிட இணையச் சதுரங்கத்தில் நீ என்னை ஜெயிப்பதா! நம் விடுதிக்காரிகளிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

விஷயம் இதுதான். போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு இணையத்தில் ஒரு வேகச் சதுரங்கப் போட்டி நடத்துகிறார்கள். எங்கள் டிப்போ சார்பில் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். "பஸ் ஓட்டுற அக்கா செஸ்ஸும் அதே ஸ்பீடுதான்" என்று என் கண்டக்டர் ஊரெல்லாம் தமுக்கடித்துவிட்டான். அதனால் பழையபடி என் ஆட்டத்தைப் பற்றி எழுது. எது தேறும், எதைத் திருத்த வேண்டும் என்று குளியலறை வரிசையில் சொல்வாயே, அது மாதிரி.

அந்த வரிசை நினைவிருக்கிறதா? தோளில் துண்டு, கவிழ்த்த வாளி மேல் சதுரங்க அட்டை. நமக்கு முன்னால் நிற்பவள் உள்ளே போய் வெளியே வருவதற்குள் ஆட்டம் முடிய வேண்டும். தாழ்ப்பாள் சத்தம்தான் நமக்குக் கடிகாரம். வேகச் சதுரங்கத்தை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று மகளிடம் சொன்னேன். "ஆமாமா, சக்கரத்தையும் நீங்கதான் கண்டுபிடிச்சீங்க" என்கிறாள். வாய் என்னைப் போலவே. ஆனாலும் அவள் வேலைக்கு வாங்கிய பெரிய திரையை ஞாயிறு முழுக்க எனக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறாள்.

போன வாரம் பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடி நிறுத்தத்துக் கம்பத்தில் இடித்து உடைந்தது. கம்பத்தை ரோட்டிலேயே நட்டு வைத்தால் இடிக்காமல் என்ன செய்யும்? மேலாளர் என்னைப் பார்த்து முறைக்கிறார். டிப்போவின் முதல் பெண் ஓட்டுநர் அல்லவா, என் வண்டியில் கீறல் விழுந்தால் மட்டும் ஊர் பேசும்.

போன் பண்ணாதே. நீ யோசித்து ஒரு வார்த்தை பேசுவதற்குள் என் அடுத்த டிரிப் வந்துவிடும். எழுது.

உன் குதிரை


பிப்ரவரி 15

என் அடங்காத குதிரைக்கு,

காகிதத்தில் வெள்ளையாக ஒட்டியிருப்பது பவுடர் இல்லை. லேப்பில் பல் செட்டுக்கு அச்செடுக்கும் மாவு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன்.

உன்னிடம் தேறுவது எது? பயமில்லாமை. எதிராளி ராணியை முன்னால் கொண்டுவந்தால் நானெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்வேன். நீ "வாம்மா, உட்காரு" என்பதுபோல் ஆடுவாய். குதிரை இரண்டையும் பலகை நடுவில் இறக்கிவிட்டாய் என்றால் எதிரில் இருப்பவனுக்குத் தலைகால் புரியாது. உனக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தானே. கடைசிப் பத்து நொடியில் மற்றவர்களுக்குக் கை உதறும். உனக்கு அப்போதுதான் கை பேசும். பொறாமையாக இருக்கும், போ.

திருத்த வேண்டியதா? ஓசியில் ஒரு சிப்பாய் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கிறாய். பொறியில் வைத்த தேங்காய் அது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ராஜாவைப் பத்திரமான இடத்துக்கு நகர்த்து என்றால், "அப்புறம்" என்பாய். ஜெயிக்கிற ஆட்டத்தில் சீக்கிரம் ஜெயிக்காமல் வேடிக்கை காட்டுவாய். தோற்றால் உடனே அடுத்த ஆட்டம், அதிலும் தோல்வி. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு ஆடடி.

இன்னொரு குறையும் உண்டு. அதை மட்டும் சொல்ல மாட்டேன். அதை வைத்துத்தான் இப்போது உன்னை ஜெயித்துக்கொண்டிருக்கிறேன். வாளிக் காலத்திலிருந்து தோற்றவள், கொஞ்ச நாள் அனுபவிக்கிறேனே.

உன் ஆமை


மார்ச் 2

கள்ளி,

உன் ரகசியம் நாசமாகப் போக. இரண்டாம் சுற்றிலேயே தோற்றுவிட்டேன். நன்றாகத்தான் ஆடினேன். ராஜா பத்திரம், ஓசிச் சிப்பாயைத் தொடவில்லை, எல்லாம் நீ சொன்னபடி. எங்கிருந்தோ ஒரு யானை வந்து செக்மேட். அந்த ஓரத்தில் அது எப்போது வந்து நின்றது என்றே தெரியவில்லை. எதிராளி ரயில் ஓட்டுபவராம். நேர்க்கோட்டிலேயே வந்து இடித்துவிட்டார்.

அந்தக் கடுப்போடு மறுநாள் வண்டியை எடுத்தேன். நிறுத்தத்தில் ஒதுங்கும்போது இடது பக்கம் ஒரு சைக்கிள் முளைத்தது. சத்தியமாக முளைத்தது, ஒரு நொடி முன்னால் அங்கே ஒன்றுமில்லை. பயணிகள் கத்தினார்கள், பிரேக்கை மிதித்தேன். "கண்ணு என்ன பின்னாடியா இருக்கு?" என்று சைக்கிளில் வந்த பெண் கேட்டாள். நானும் பதிலுக்குக் கேட்டேன். அப்புறம் அந்த டிரிப் முழுக்க வண்டியை உருட்டிக்கொண்டுதான் போனேன்.

அந்த இன்னொரு குறை என்னவென்று மரியாதையாகச் சொல்லிவிடு.

குதிரை


மார்ச் 9

என் அன்புக் குதிரைக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒளித்து வைக்க மனசில்லை. சொல்லிவிடுகிறேன். ஓரத்தில் நிற்கும் காயை நீ பார்ப்பதில்லை. அவ்வளவுதான் என் ரகசியம். யானையை ஓரத்துக்குக் கொண்டுபோவேன், நீ கண்டுகொள்ளாமல் வேறெங்கோ பாய்வாய், நான் ஜெயிப்பேன். அவசரக்குடுக்கை என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று நம் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வெள்ளை ஆடும்போது ராணி பக்கத்து ஓரத்தில் ஏமாறுகிறாய். கறுப்பு ஆடும்போது ராஜா பக்கத்து ஓரத்தில். என்ன கணக்கு இது என்று மண்டையைக் குடைந்தது. ஒரு தாடையின் அச்சு என் கையில் இருந்தால், போட்டுக்கொள்கிறவரின் பக்கமிருந்து அதைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் வலம் மாறிவிடும். அந்தப் பழக்கத்தில் பலகையை உன் பக்கமாகத் திருப்பினேன். கறுப்பு ஆடினால் திரையில் பலகை உனக்குத் திரும்பி வருமல்லவா? அப்போது ராஜா பக்கம்தான் உன் இடது. வெள்ளையிலும் இடது, கறுப்பிலும் இடது. வலது ஓரத்தில் நீ ஒரு தடவைகூட ஏமாறவில்லை.

ஆட்டத்தில் ஒரு கெட்ட பழக்கம் என்றால் அது காயைப் பொறுத்து வருமடி, இடது கை வலது கை பார்த்து வராது. கம்பமும் இடது. சைக்கிளும் இடது. உன் கண்ணில் ஏதோ இருக்கிறது. டாக்டரிடம் போ. அவர் பார்த்துச் சொல்லும்வரை பஸ்ஸை எடுக்காதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஆமை


மார்ச் 14

பல் செட் செய்கிறவள் கண் வைத்தியமும் ஆரம்பித்துவிட்டாயா? ரொம்பச் சந்தோஷம்.

கண் பரிசோதனை என்று நான் வாயைத் திறந்தால் அன்றைக்கே சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது தெரிந்துதான் எழுதினாயா? "பொம்பளை ஓட்டுவாளா" என்று இளித்தவர்களுக்கு நடுவில் அந்த சீட்டில் போய் உட்கார நான் பட்ட பாடு வேறு யாருக்கும் தெரியாது, உனக்குத் தெரியும். லைசென்ஸ் பரீட்சைக்கு முதல்நாள் வாளி மூடியை ஸ்டியரிங்காகப் பிடிக்கச் சொல்லி எனக்குப் பாடம் எடுத்தவளே நீதான். நீயே இப்போது என் சோற்றில் மண்ணை அள்ளிப் போடுகிறாய்.

நான் நன்றாகத்தான் பார்க்கிறேன். இனி ஆட்டமும் வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

பஸ் ஓட்டுநர்


மார்ச் 20

என் குதிரைக்கு,

நீ பிரிக்காமலே தூக்கிப் போட்டாலும் போடுவாய். எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இன்று காலை உன் டிப்போ மேலாளரிடம் போனில் பேசினேன். என் பெயரைச் சொல்லித்தான் பேசினேன். யார் வத்தி வைத்தது என்று நீ அந்தக் கண்டக்டர் பையனைச் சந்தேகப்படக் கூடாது.

நீ என்னோடு பேசாமல் இருந்தால் எனக்கு யார் இருக்கிறார்கள், சொல். லேப் முதலாளியா? ஆனால் நாளைக்கு ஒரு குழந்தை உன் வண்டிக்கு இடது பக்கம் வந்து நின்றால்? அதற்கப்புறம் நீ உன்னோடே பேசமாட்டாய். என்னோடு பேசாவிட்டால் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குத் திரையைத் திறந்து வைத்திருப்பேன். நீ வரமாட்டாய், தெரியும். திறந்து வைத்திருப்பேன்.

ஆமை


மே 6

ஆமைக்கு,

உன்னைத் திட்டி எழுதிய கடிதங்களை எல்லாம் கிழித்தாகிவிட்டது. மிஞ்சியது இது.

மேலாளர் கூப்பிட்டுக் கேட்டதும் நான் போட்ட கூச்சலில் டிப்போவே கூடிவிட்டது. "இப்பவே டெஸ்ட் பண்ணுங்க சார்!" என்று நானே போய், நிறுத்தியிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நேராகப் பார்க்க வேண்டும். கண்டக்டர் இடது மூலையிலிருந்து வண்டிக்கு முன்னால் நடந்து வருவான். ஆள் தெரிந்ததும் ஹாரன் அடிக்க வேண்டும். ஹாரன் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "என்ன சார், பையன் டீ குடிக்கப் போயிட்டானா?" என்றுகூடக் கேட்டேன். எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அக்கா, இங்கதான்க்கா நிக்கிறேன்" என்றான். தலையைத் திருப்பினேன். முன் விளக்குக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான்.

சாவியை நானே கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

இரண்டு கண்ணிலும் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறதாம், இடது கண்ணில் ரொம்ப அதிகமாம். வலி இருக்காதாம், அதனால் தெரியாதாம். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற ஆபரேஷன். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். "செஸ்ல தோத்துட்டேன் டாக்டர்" என்றேன்.

இப்போது டிப்போவில் எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று மைக்கில் சொல்லும் வேலை. என் வண்டியை வேறொருவர் எடுத்துப் போகிறார். கியர் மாற்றும் சத்தம் சரியில்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, அது வாசல் தாண்டும்வரை பார்க்கிறேன். அப்போதெல்லாம் உன் மேல் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நீ செய்தது சரிதான் என்று புத்தி சொல்கிறது. மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

ஆபரேஷன் வருகிற இருபத்திரண்டாம் தேதி. "கூட யாரும்மா வருவாங்க?" என்று நர்ஸ் கேட்டாள். மகள் பக்கத்திலேயேதான் நின்றாள். இருந்தும் வாய் முந்திக்கொண்டு உன்னைச் சொல்லிவிட்டது.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே. தீரவில்லை. வந்தால் நன்றாகச் சண்டை போடுவேன், வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக வா. தெருவில் நடக்கும்போது மட்டும் என் இடது பக்கம் நட.

உன் குதிரை