ஆதுரியிடம் நான் வாங்கிய கையெழுத்து

கட்வா
சிராவணம் 12, வியாழன்

அன்பு மகன் பிரணப்புக்கு,

அம்மா எழுதுகிறேன். மஸ்கட் வெயிலில் நீயும் மருமகள் பியாலியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் காளியிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன், இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவுக்கு இடது முழங்கால் வலி மட்டும் மழைக்கு அதிகமாகியிருக்கிறது, மாடிப்படி ஏறுவதில்லை. ஹில்சா மீன் இந்த வருஷம் கைக்கெட்டாத விலை, ஒரே ஒரு நாள் வாங்கிக் கடுகு அரைத்து வைத்தேன், தலைத்துண்டை எடுக்கும்போது உன் ஞாபகம்தான். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதைப் போனில் சொன்னால் நடுவில் நீ கோபப்படுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். முழுதாகப் படித்துவிட்டுப் பேசு.

ஆதுரி அத்தை வழக்கில் நான் சாட்சி சொல்லிவிட்டேன். போன மாதம் பர்த்வானில், நுகர்வோர் மன்றத்தில். நீ வேண்டாம் என்றாய், "அந்த அறுபதாயிரத்தை நான் அனுப்புறேன்மா, அத்தை கையில குடுத்துடு, கோர்ட்டு வாசல மிதிக்காத" என்றாய். நீ நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய். ஆனால் அவளுக்குப் பணம் தர வேண்டியது கம்பெனி, நீ இல்லை. அதோடு நடந்தது முழுதும் உனக்குத் தெரியாது.

நான் அந்தச் சிறுசேமிப்புக் கம்பெனிக்கு ஏஜென்டாக இருந்து தெருத்தெருவாக வசூல் செய்தது உனக்குத் தெரியும். ஆதுரி மீன் கூடையை இறக்கி வைத்ததும் ஈரக் கையால் தினம் இருபது ரூபாய் எடுத்துத் தருவாள், ஆறு வருஷம், துர்கா பூஜையிலும் தவறவிட்டதில்லை. முனிசிபாலிட்டி மார்க்கெட்டில் சிமென்ட் மேடை ஒன்று ஏலத்தில் எடுக்க வேண்டும், மழையில் தரையில் உட்கார்ந்து விற்க முடியவில்லை என்பாள். தவணை முடிந்தபோது அறுபத்திரண்டாயிரம் வர வேண்டும். அந்த வாரம் கிளை மேனேஜர் எங்களையெல்லாம் கூப்பிட்டு, "இந்த மாசம் ஒரு பைசா வெளிய போகக் கூடாது, எல்லாரையும் இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் போட வைங்க, கமிஷன் புதுசா வரும்" என்று சொல்லி, ஒன்றும் எழுதாத ஃபாரங்களைக் கட்டாகக் கொடுத்தான். நான் ஆதுரியிடம் போய், பணம் வாங்கும் ஃபாரம், கையெழுத்துப் போடு என்றேன். அவள் "நீங்க சொன்னா சரி அண்ணி" என்று, செதில் ஒட்டின விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினாள். அது பணம் வாங்கும் ஃபாரம் இல்லை என்று எனக்குத் தெரியும் பிரணப். ஏமாந்துபோனேன் என்று இத்தனை நாள் அப்பாவிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏமாறவில்லை, தெரிந்துதான் செய்தேன்.

மேடை வேறு ஒருத்தனுக்குப் போய்விட்டது. ஆதுரி கிளைக்கு நடந்தாள், நாளை வா என்றார்கள், பிறகு கிளையே பூட்டியிருந்தது. என்னோடு பேச்சை நிறுத்தினாள். அவள் அக்கா மகன் வழக்குப் போட்டுக்கொடுத்தான். கம்பெனி வக்கீல் அந்த ஃபாரத்தை நீட்டி, இந்த அம்மாவே சம்மதித்து மறுபடி போட்ட பணம், தவணை இன்னும் முடியவே இல்லை, வழக்கே செல்லாது என்றார். மூன்று வருஷம் இதிலேயே இழுத்தது. அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "எத்தனை மணி ரயிலு?" என்று கேட்டார்.

மன்றத்தில் நடந்ததை எல்லாம் சொன்னேன். கம்பெனி வக்கீல் எழுந்து, "கமிஷன் வாங்கினீங்கல்ல? அப்ப இனிச்சுது, இப்ப கசக்குதா?" என்றார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நடுவராக இருந்த மூவரில் ஒரு பெண், அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "எவ்வளவு வந்துச்சு, என்ன செலவு பண்ணீங்க? சொல்லுங்கம்மா" என்று கேட்டார். இரண்டாயிரத்து நானூற்றைம்பது, மகனுடைய பாஸ்போர்ட்டுக்கும் மெடிக்கலுக்கும் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆதுரி அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நம் ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள், எவர் மூலமாவது உன் காதுக்கு வரும், அதற்கு முன் என் கையால் தெரிய வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். உன்மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. நீ கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன்.

திரும்பும்போது ரயிலில் ஆதுரி எதிர் பெஞ்சில் இருந்தாள். பொரி இரண்டு பொட்டலம் வாங்கி ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்தாள். எனக்கு இல்லை. ஊர் நெருங்கும்போது, "நாலு வருஷம் முன்னாடி இத சொல்லியிருந்தா நான் இன்னிக்கு மேடையில உக்காந்திருப்பேன் அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

தீர்ப்பு போன வாரம் வந்தது. அந்தக் கையெழுத்து செல்லாது, அறுபத்திரண்டாயிரத்தை ஒன்பது சதவீத வட்டியோடு நாற்பத்தைந்து நாளில் தர வேண்டும் என்று. தருவார்களா, மேலே போவார்களா, தெரியாது. ஆனால் விஷயம் மார்க்கெட் முழுக்கப் பரவிவிட்டது. என்னிடம் அதே மாதிரி கையெழுத்துப் போட்டவர்கள் இன்னும் முப்பத்தொரு பேர். சிலர் வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனார்கள், டீக்கடைக்காரர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்று ஆதுரி, வெற்றிலை விற்கும் ஃபூல்மணியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "இவளுக்கும் சொல்லுங்க, அங்க சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை குறையாம" என்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தாள், நான் ஃபூல்மணிக்கு வாக்குமூலம் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்வரை.

முப்பத்தொரு பேருக்கும் எழுதிக்கொடுக்கப் போகிறேன். என்மேல் போலீஸ் கேஸ் வந்தாலும் வரும் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார். வந்தால் பார்த்துக்கொள்ளலாம், நீ லீவு போட்டு ஓடி வராதே, பணமும் அனுப்பாதே. பியாலிக்கு இதைப் படித்துக் காட்டு, மாமியார் யார் என்று அவளுக்கும் தெரியட்டும். வெயிலில் தலையில் துணி இல்லாமல் வேலை செய்யாதே, பித்த மாத்திரையை விடாதே. காளி உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும், தலை நரைக்கும்வரை சேர்ந்திருங்கள். கோபம் இருந்தால் இரண்டு நாள் கழித்துப் போன் செய். ஆனால் செய்.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா
நீலிமா குண்டு