பிள்ளையை யார் பார்ப்பது?

ஹாலே, நவம்பர் 2004, செவ்வாய்

மானிடவியல் விரிவுரையாளர் பதவிக்கான நேர்முகத்தில் இன்று, ஆய்வுக்காக நான் பேட்டி கண்ட ஒரு கிரேன்காரியின் கதையைச் சொன்னேன். கிழக்கு ஜெர்மனியின் சோசலிசக் காலத்தில் இங்கே ஓர் ஆலையில் கிரேன் ஓட்டியவர். பெர்லின் சுவர் விழுந்தபின் ஆலையை மூடிவிட்டார்கள். வேலை கேட்டுப் போன இடத்தில் அதிகாரி, "நீங்கள் வேலைக்கு வந்தால் பிள்ளையை யார் பார்ப்பது?" என்றாராம். "உங்கள் பிள்ளையை இப்போது யார் பார்க்கிறார்?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம். தேர்வுக் குழு முழுவதும் சிரித்தது. தலைவர் அதைக் குறித்தும் கொண்டார்.

பத்து நிமிடம் போகவில்லை. அதே தலைவர், அதே பேனாவை உருட்டிக்கொண்டு, "உங்களுக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாளாமே. மாதக்கணக்கில் களப்பணிக்குப் போனால் அவளை யார் பார்ப்பது?" என்றார். ஒருவருக்கும் உறைக்கவில்லை! எனக்கு முன் உள்ளே போன ஆணுக்கு மூன்று பிள்ளைகள். வெளியே காத்திருந்தபோது அவர்களின் புகைப்படத்தைக் காட்டினார். அவரிடம் இதை யாரும் கேட்கவில்லையாம்.

வீட்டில் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னேன்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"என்ர மனுசன் பாப்பார் எண்டு சொன்னனான்."

"ஓம், உண்மைதானே. பிறகேன் கோவிக்கிறீர்?"

அவர் மீது கோபமில்லை. கிரேன்காரியின் அந்தப் பதிலை ஒலிநாடாவில் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதியவள் நான். அதைப் பாராட்டிக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். என் முறை வந்தபோது சிரித்த முகத்தோடு, கணவர் பார்த்துக்கொள்வார் என்றேன்.

கேட்டதற்கு நன்றி வேறு சொன்னேன்.